தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போடலாமா?

கேள்வி: 14 சக்கர லாரி ஓட்டுகிறேன். லோடோடு 40 டன் வரும். பெங்களூரிலிருந்து தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் வருகையில், இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்கிறார்கள் சக ஓட்டுநர்கள். முதலாளியும் மைலேஜ் பார்த்துத்தான் பேட்டா தருகிறார். என்ன செய்யலாம்?
– ஓட்டுநர், சங்ககிரி

பதில்: நியூட்ரல் வேண்டவே வேண்டாம். டீசல் கணக்கே அதில் தப்பு. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜினில், வண்டி கியரில் இருக்க ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசல் தெளிக்காது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலிலோ ஐடில் ஓட டீசல் போய்க்கொண்டே இருக்கும். லேசான சரிவில் நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும், உண்மைதான். அடிக்கடி பிரேக் மிதிக்க வேண்டிய தொப்பூரில் அந்த லாபம் கிடையாது.

உங்கள் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 39 மெகாஜூல் சக்தி வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிந்தால் வரும் சூட்டைவிட அது சற்று அதிகம். கியரில் இருந்தால் இன்ஜினும், புகைபோகும் வழியை அடைத்து இன்ஜினை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதில் பெரும்பங்கைத் தாங்கும். நியூட்ரல் போட்டதும் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். பாரம் முழுக்க, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மின் தலையில்தான். சூட்டில் டிரம் விரிந்து, அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகும். ஏர் அழுத்தத்தில் நகரும் புஷ்ராட் கூடுதல் நீளம் தள்ளினால்தான் லைனிங் போய்த் தொடும். தொட்டாலும் பிடிப்பு குறைந்திருக்கும். கேஜில் ஏர் முழுதாக இருக்கும், பெடலும் இறங்கும், வண்டி மட்டும் நிற்காது. அந்த வேகத்தில் கீழ் கியருக்கு வரப் பார்த்தால் விழாது. இன்ஜினையே அணைத்து இறங்குவது இன்னும் கொடுமை: கம்ப்ரசர் நின்று ஏர் குறையும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, அதே மேட்டை ஏற எந்த கியர் போடுவீர்களோ அதற்கும் ஒன்று கீழே போட்டுவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் ஓடட்டும். உங்கள் லோடுக்குப் பாதுகாப்பான வேகம் 30 என்றால், முள் 30-ஐத் தொட்டதும் அழுத்தி மிதித்து, மூன்று விநாடி போல, 22-க்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுங்கள். மறுபடி 30 வரும்போது அடுத்த மிதி. லேசாக மிதித்தபடியே இறங்கினால், அட்ஜஸ்ட்மென்ட் இறுக்கமாக உள்ள சக்கரங்களே எல்லா வேலையும் செய்து முதலில் சூடேறும். லைனிங் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர்களை லோடு ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முதலாளிக்கும் ஒரு வார்த்தை. மைலேஜுக்குப் பேட்டா வைத்தால், ஓட்டுநர் மிச்சம் பிடிக்க இறக்கத்தைத்தான் தேடுவார். கணவாய்த் தூரத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். இதை ஓட்டுநரின் சாமர்த்தியத்தில் விடுவது நியாயமில்லை.

கேள்வி: இறங்கி முடித்ததும் டிரம்மில் புகை வருகிறது. தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: கூடாது. டிரம் வார்ப்பிரும்பு, சூட்டில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும். சமதளத்தில் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துத் தானாக ஆற விடுங்கள். சூடான டிரம்மைப் பிடித்தபடி ஆறினால் டிரம் கோணலாகலாம். ஆறியதும், புகை வந்த சக்கரத்தின் லைனிங்கைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடிபோல் மினுமினுத்தால் மாற்ற வேண்டியதுதான்.