கோத்தகிரியில் வீடு: எந்த புரோக்கரை நம்புவது?

கேள்வி: திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், வயது 43. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. கோத்தகிரி அருகே அரவேனு பக்கம் 6 சென்ட் நிலத்தோடு ஒரு பழைய வீடு பார்த்தோம். குன்னூரில் அலுவலகம் வைத்திருக்கும், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு உள்ள ஏஜென்ட் 62 லட்சம் என்கிறார், கமிஷன் 2%. அதே வீட்டை 58 லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன், 1% போதும் என்கிறார் உள்ளூர் புரோக்கர் ஒருவர். ஆனால் 5 லட்சம் ரொக்கமாக உடனே அட்வான்ஸ் வேண்டுமாம். கையில் 15 லட்சம் இருக்கிறது, மீதி வங்கிக் கடன். யாரை நம்பலாம்? மனைவி பெயரில் வாங்கினால் பதிவுச் செலவு குறையுமா?

பதில்: ஒரே வீட்டுக்கு 4 லட்சம் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். பல இடங்களில் உரிமையாளர், "என் கைக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே வருவது உங்களுடையது" என்று சொல்லிவிடுவார். புரோக்கர் அதற்கு மேல் தன் தொகையை ஏற்றி உங்களிடம் விலை சொல்வார், அப்புறம் கமிஷனும் கேட்பார். குன்னூர்க்காரர் அப்படித்தான் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. 58 என்பதிலும் உள்ளே ஏதாவது ஏற்றியிருக்கலாம். பணம் எதுவும் கொடுக்கும் முன் உரிமையாளரை நேரில் உட்காரவைத்து விலையை அவர் வாயாலேயே கேளுங்கள். அந்தச் சந்திப்பை எந்த புரோக்கர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாரோ, அவரை விட்டுவிடுங்கள்.

ரெரா பதிவைப் பொறுத்தவரை, 2016-ம் ஆண்டு சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட புதிய திட்டங்களில் மனையோ வில்லாவோ விற்றுக் கொடுக்கும் ஏஜென்டுக்குத்தான் அது கட்டாயம். தனியார் ஒருவரின் பழைய வீட்டை விற்றுக் கொடுக்க அந்த எண் தேவையில்லை. ஆகவே உள்ளூர்க்காரரிடம் எண் இல்லாதது குறையல்ல. மற்றவரிடம் எண் இருப்பதால் இந்த வீட்டின் பத்திரம் சுத்தம் என்றும் ஆகிவிடாது.

அப்படியானால் எதை வைத்து எடை போடுவது? "இந்த வீட்டில் என்ன குறை?" என்று இருவரிடமும் கேளுங்கள். மலையில் குறையில்லாத வீடு கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுத்த இடத்தில் தடுப்புச் சுவர் இருக்கிறதா? வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் பக்கம் பலமாகப் பெய்யும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளை உள்ளூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கார் போகும் பாதை ஊராட்சியுடையதா, பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரர் இன்றுவரை பெருந்தன்மையாக விட்டுவைத்ததா? பாதை உரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர். "வியூ சூப்பரா இருக்கும் சார்" என்பதோடு நிறுத்துபவருக்கு அந்த இடம் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்ல மாட்டார்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் புரோக்கர் மூலம் ஏற்கெனவே அந்தப் பக்கம் வீடு வாங்கிய இரண்டு குடும்பங்களையும் போய்ப் பாருங்கள். வாங்கியபின் பட்டா மாற்றத்துக்கு அலைந்தார்களா என்று மட்டும் கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.

காகிதம் பார்க்கும் வேலையை மட்டும் எந்த புரோக்கரிடமும் விடாதீர்கள். கிரயம் முடிந்தால்தான் அவருக்கு வருமானம். சிக்கல் ஒன்று கண்ணில் பட்டாலும், அதை உங்களிடம் எடுத்துச் சொல்ல அவருக்கு என்ன அவசியம்? கோத்தகிரியிலோ ஊட்டியிலோ சொத்து வழக்கு பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரைத் தனியாகப் பிடித்து அவருக்குத் தனியாக ஃபீஸ் கொடுங்கள். அவரும் புரோக்கர் சிபாரிசு செய்தவராக இருக்கக் கூடாது. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா, புல வரைபடம் எல்லா ஊருக்கும் பொதுவானவை. நீலகிரியில் கூடுதலாகச் சில உண்டு. அந்த சர்வே எண் 1949-ம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. அரசு நிபந்தனையோடு ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்த (ஒப்படை) நிலத்தின் பட்டாவா என்பது அடுத்தது. கட்டடத்துக்கு முறையான அனுமதி உண்டா, மலைப்பகுதி உயர வரம்பான 7 மீட்டருக்குள் இருக்கிறதா என்பதும் முக்கியம், பின்னாளில் சீல் வைத்தால் புரோக்கர் வந்து நிற்க மாட்டார். குடும்பச் சொத்தாக இருந்தால் அக்கா தங்கைகளின் கையெழுத்தையும் கேளுங்கள். வாய்மொழிப் பாகப்பிரிவினை வில்லங்கச் சான்றில் தெரியாது.

ரொக்க அட்வான்ஸ் வேண்டவே வேண்டாம். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. வாங்கிய விற்பவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் வரலாம், உங்களுக்கோ கொடுத்ததற்குச் சாட்சியே இல்லாமல் போகலாம். அட்வான்ஸை உரிமையாளர் கணக்குக்கே வங்கி வழியாக அனுப்புங்கள், புரோக்கர் கணக்குக்கு அல்ல. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 முதல் கட்டாயம். முத்திரைத்தாளில் இரண்டு சாட்சியோடு எழுதினால் போதும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வங்கி கடன் தராவிட்டாலோ பத்திரத்தில் பழுது தெரிந்தாலோ அட்வான்ஸ் திரும்ப வரும் என்ற வரி அதில் இருக்கட்டும்.

இனி உங்கள் 15 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் அதிகபட்சம் 80% தரலாம், அந்த மதிப்பில் பதிவுச் செலவு சேராது. 58 லட்சத்துக்கே நீங்கள் போட வேண்டியது 11.60 லட்சம், முத்திரை மற்றும் பதிவுக் கட்டணம் 9% என்றால் 5.22 லட்சம், கமிஷன் 58,000. மொத்தம் 17.40 லட்சம். 62 லட்சமாகி 2% கமிஷனும் கொடுத்தால் 19.22 லட்சம். வங்கியின் மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துப் போட்டால் கடன் இன்னும் சுருங்கும், பழைய மலை வீடுகளில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். இருவரில் யாரும் இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுக் காட்டியதாகத் தெரியவில்லை. பற்றாக்குறையைச் சமாளிக்கத் தனிநபர் கடன் எடுக்காதீர்கள். விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் ஒரு வருடம் சேமித்துவிட்டு வாருங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டாலே 1% வருமான வரியை (டி.டி.எஸ்.) நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும். அது விற்பவருக்குத் தரும் தொகையிலிருந்து கழிவதால் உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை, கட்ட மறந்தால் பொறுப்பு மட்டும் உங்களுடையது.

என்னைக் கேட்டால் உள்ளூர்க்காரரோடு பேசிப் பார்ப்பேன், ரொக்கத்தை அவர் கைவிட்டால் மட்டும். கமிஷன் 1% என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, கிரயம் பதிவாகும் நாளில் மொத்தத்தையும் கொடுத்தால் போதும். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் இந்த வீட்டை விட்டுவிடலாம். கோத்தகிரியில் விற்பனைக்கு வீடே கிடைக்காமல் போய்விடாது.

மனைவி பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைப்பு 2025 ஏப்ரல் முதல் உண்டு, ஆனால் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். உங்களுக்கு அது பொருந்தாது. இருவர் பெயரிலும் வாங்கினால் இரண்டு சம்பளத்தையும் காட்டிக் கடன் கேட்கலாம்.