எச்சில் டெஸ்ட்டும் ஓட்டப்பந்தயமும்: கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு 9 வயது. எச்சில் எடுத்து அனுப்பினோம், ஏசிடிஎன்3 ஜீன் ‘எக்ஸ்எக்ஸ்’ என்று ரிப்போர்ட் வந்தது. 100 மீட்டரை விட்டுத் தொலைதூர ஓட்டத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். வேகமாகச் சுருங்கும் தசை இழைகளில் ஆல்ஃபா ஆக்டினின்-3 என்று ஒரு புரதம் உண்டு, எக்ஸ்எக்ஸ்காரர்களுக்கு, அதாவது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்த ஜீனின் வேலை செய்யாத வடிவமே வந்தவர்களுக்கு, அது அறவே இருக்காது, அவ்வளவுதான் விஷயம். உலகத்தில் நூறு கோடிப் பேருக்கு மேல் அப்படித்தான் நடமாடுகிறார்கள். 2003-ல் ஆஸ்திரேலிய ஆய்வில் முன்னணி வேக ஓட்டக்காரர்களிடம் எக்ஸ்எக்ஸ் அரிதாக இருந்தது நிஜம், அதை வைத்துத்தான் இந்த எச்சில் டெஸ்ட் கிட் வியாபாரமே சூடுபிடித்தது. ஆனால் எக்ஸ்எக்ஸ் உடம்போடு 8.26 மீட்டர் தாண்டிய ஸ்பெயின் நீளம் தாண்டும் வீரரும் இருக்கிறார். கிட்டுக்குக் காசு கட்டாதீர்கள்.

கேள்வி: நான் பி.டி. வாத்தியார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் குண்டு எறிதலில் மற்றவர்களைவிட இரண்டு மீட்டர் தள்ளிப் போடுகிறான். விளையும் பயிர்தானே?

பதில்: மீசை அரும்பிவிட்டதா, குரல் உடைந்துவிட்டதா என்று பாருங்கள் சார். அப்படியென்றால் அவன் முந்தி வளர்ந்தவன், இரண்டு வருடத்தில் மற்றவர்கள் எட்டிப்பிடிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் உயரம் அளந்து நோட்டில் எழுதுங்கள். இன்னும் வளரத் தொடங்காமலே நன்றாக எறிகிற பொடியன் யாராவது இருந்தால் அவனை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கும் எக்ஸ்எக்ஸ்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஜீன் ஒன்றுமில்லை என்றால் ஜமைக்காக்காரர்கள் மட்டும் எப்படி 100 மீட்டரில் இவ்வளவு வேகமாக ஓடுகிறார்கள்?

பதில்: ஒன்றுமில்லை என்று நான் எங்கே சொன்னேன்? தசை வலிமையில் ஏறக்குறையப் பாதி பரம்பரைதான், ஆனால் அது எக்கச்சக்கமான ஜீன்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. ஜமைக்காவில் எக்ஸ்எக்ஸ் மிகக் குறைவு, சரி. ஓடாத சாதாரண ஜனங்களிடமும் அதே குறைவுதான். கென்யாவிலும் எக்ஸ்எக்ஸ் நூற்றுக்கு ஒருவர் போலத்தான், ஆனால் அவர்கள் தொலைதூர மாரத்தான் ஓடுகிறார்களே, என்ன சொல்வீர்கள்? ஜமைக்காவில் 1910-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பெரிய தடகளப் போட்டி நடக்கிறது, அதைப் பாருங்கள் முதலில்.

கேள்வி: அப்புறம் ரத்தத்திலேயே இருக்கிறது என்பது பொய்யா?

பதில்: ஃபின்லாந்தின் மான்டிரான்டாவுக்கு ரத்தத்திலேயே இருந்தது, சிவப்பணு கூடுதலாக ஊறும் மரபணு மாற்றம். பனிச்சறுக்கில் ஏழு ஒலிம்பிக் பதக்கம். அதே மாற்றம் இருந்த அவர் சொந்தக்காரர்கள் பலர் பதக்கம் எதுவும் வாங்கவில்லை.

கேள்வி: மகளுக்கு முழங்கால் வலி, எந்த ஜீன்?

பதில்: எலும்பு டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: எந்தக் கம்பெனி கிட் நல்லது?

பதில்: ஐயா, அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு நல்ல ஸ்பைக் ஷூ வரும்.