கை காட்டாதீர்கள், தம்பி

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம், யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் வான் ஓடியிருக்கிறேன், இப்போது பழகுநருக்கான ஜீ1 லைசென்ஸ் எடுத்து மாமாவின் காரில் பழகுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி இது: "மரியாதையாகத்தான் ஓடுகிறேன். ரோட்டுக் கரையில் யாரும் நின்றால் நிற்பாட்டிக் கை காட்டி விடுகிறேன், பிளாசாவுக்குள் இருந்து வெளியே வருகிறவனுக்கும் வழி விடுகிறேன். அப்படியிருந்தும் பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்கிறான், பக்கத்தில் இருந்து மாமா கத்துகிறார். இந்தச் சனத்துக்கு என்னதான் வேண்டும்?"

தம்பி, இந்தச் சனத்துக்கு வேண்டியது ஒன்றுதான். அடுத்த நிமிடம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவர்களுக்கு முன்னமே தெரிய வேண்டும். உங்கள் முறை வந்தால் போங்கள், வராவிட்டால் நில்லுங்கள். இந்த ஊர் ரோட்டில் மரியாதை என்றால் அவ்வளவுதான். உங்கள் முறையை இன்னொருவருக்குத் தானம் பண்ணுவது ஊரில் பெருந்தன்மை. இங்கே அது பின்னால் வருகிற பத்துப் பேருக்குப் புதிர்.

மாமா ஏன் கத்துகிறார் என்று சொல்கிறேன். மார்க்கம் ரோடு மாதிரி ஒரு பக்கத்துக்கே இரண்டு மூன்று லேன் உள்ள ரோட்டை நினைத்துப் பாருங்கள். சிக்னலுக்கும் சிக்னலுக்கும் நடுவில், மரக்கறிப் பையோடு ஒரு அம்மா கரையில் நிற்கிறா. நீங்கள் கரை லேனில் வந்து நிற்பாட்டிக் கை காட்டுகிறீர்கள். அவ உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்குகிறா. பக்கத்து லேனில் அறுபதில் வருகிறவனுக்கு அவ தெரியமாட்டா, உங்கள் கார் அவவை மறைத்து நிற்கிறது. அவனுக்குத் தெரிவதெல்லாம் நின்றுபோன ஒரு கார். பழுதாகி நிற்கிறதாக்கும் என்று நினைத்து அவன் பிரேக்கில் கால் வைக்காமலே வருவான். அவ உங்கள் பம்பரைத் தாண்டி ஒரு அடி வைக்கும்போதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் காண்பார்கள். உங்களுக்குச் சொந்தமானது உங்கள் லேன் மட்டும். மற்ற லேன்களுக்கும் சேர்த்துக் கை காட்ட உங்களால் ஏலாது. இங்கே ரோட்டின் வலது பக்கத்தில் ஓடுகிறோம் அல்லவா, பிளாசாவில் இருந்து இடது பக்கம் திரும்பி வரப் பார்க்கும் காருக்கு வழி விடுவதும் இதே கதைதான்.

அதற்காக ஆட்களுக்கு நிற்கவே வேண்டாம் என்று எடுத்துவிடாதீர்கள். பலகையும் கோடும் போட்ட பாதசாரி கடவை என்றால் கட்டாயம் நிற்க வேண்டும். 2016 ஜனவரியில் இருந்து நம் மாகாணமான ஒன்ராறியோவில் சட்டம் இன்னும் இறுக்கம்: நடக்கிறவர் உங்கள் பக்கத்தைக் கடந்தால் போதாது, முழு ரோட்டையும் கடந்து மறுகரையில் ஏறும் வரை அசையக்கூடாது. பாடசாலைக் கடவையில் நிறுத்தல் பலகையோடு நிற்கிறவருக்கும் அப்படியே. சிக்னலில் திரும்பும்போதும் கோட்டில் நடக்கிறவருக்குத்தான் முதலிடம். அவர் நடக்க நடக்கக் காரை அங்குலம் அங்குலமாக முன்னுக்குத் தள்ளுவார்கள் நம்மவர்கள் சிலர். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

சிவப்பில் வலது பக்கம் திரும்பலாம் என்பது ஊரில் இல்லாத சலுகை. கூடாது என்று பலகை போட்ட இடங்களைத் தவிர மற்ற இடங்களில் முழுதாக நின்றுவிட்டுப் போகலாம். ஆபத்து எங்கே என்றால், திரும்புகிறவர் இடது பக்கம் வரும் கார்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு இடைவெளி கிடைத்ததும் கால் தானாக அழுத்திவிடும். அந்த நேரம் பார்த்து வலது கையில் இருந்து ஒரு ஆள் நடக்கத் தொடங்கியிருப்பார். ஆகவே இடது பார்த்து, வலது பார்த்து, திரும்பவும் இடது பார்த்து, கடைசியாக நீங்கள் போகப்போகிற திசையைப் பார்த்த பிறகுதான் பிரேக்கில் இருந்து காலை எடுக்க வேண்டும்.

நாலு பக்கமும் நிறுத்தல் பலகை உள்ள சந்திதான் வந்த புதிதில் எல்லோரையும் குழப்புவது. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இரண்டு பேர் ஒரே நேரம் வந்தால் வலது கைப் பக்கம் நிற்பவருக்கு முதல் வாய்ப்பு. எதிரெதிரே நிற்கிறீர்கள், ஒருவர் நேரே போகிறார், மற்றவர் இடது பக்கம் திரும்பப் போகிறார் என்றால் திரும்புகிறவர் பொறுக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் போய்ப் பாருங்கள், நாலு காரில் நாலு நல்ல மனிதர்கள், "நீங்கள் போங்கோ", "இல்லை, நீங்கள் போங்கோ" என்று கை காட்டிக்கொண்டே நிற்பார்கள். பிறகு பொறுமையிழந்து நாலு பேரும் ஒன்றாக எடுப்பார்கள். முறை உங்களது என்றால் தயங்காமல் போங்கள். அதுதான் மற்ற மூன்று பேருக்கும் நீங்கள் செய்யும் உதவி. நிற்பது என்றால் சில்லு முழுதாக நிற்க வேண்டும். பிரேக் பிடித்ததும் காரின் மூக்கு ஒருமுறை குனிந்து நிமிரும் பாருங்கள், அது நிமிர்ந்தால்தான் நின்றதாகக் கணக்கு. உங்களைப் பரீட்சிக்கும் அதிகாரியும் பொலிசும் அதைத்தான் பார்ப்பார்கள். மின்சாரம் போய்ச் சிக்னல் இருண்டு கிடந்தாலும் எந்தப் பெரிய சந்தியிலும் இதே நாலு பக்க விதிதான்.

லைட் அடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஏ9 வீதியில் எதிரே வரும் பஸ் லைட் அடித்தால் உங்களுக்குப் பொருள் தெரியும்: "நான் வருகிறேன், நீ ஒதுங்கு." இங்கே இடது பக்கம் திரும்பக் காத்து நிற்கும்போது எதிரே வருகிறவர் லைட் அடித்தால், பெரும்பாலும் "நீ போ, நான் நிற்கிறேன்" என்பதுதான். ஊர்ப் பழக்கத்தில் நீங்கள் லைட் அடித்தால் எதிரில் நிற்கிறவன் நீங்கள் வழி விட்டதாக நினைத்து உங்கள் முன்னாலேயே திரும்புவான். ஆகவே நீங்கள் அடிக்காதீர்கள். இன்னொருவர் அடித்தாலும் அதை நம்பி எடுக்காதீர்கள். அவரது கார் உண்மையிலேயே வேகம் குறைகிறதா என்று சில்லைப் பாருங்கள், அவருக்குப் பக்கத்து லேனில் என்ன வருகிறது என்றும் பாருங்கள். ஹோர்ன் விஷயமும் இதே மாதிரி. ஊரில் ஹோர்ன் என்றால் "இதோ வாறன்" என்ற அறிவிப்பு. இங்கே அது ஏச்சு. பச்சை விழுந்த பிறகும் முன்னால் நிற்பவர் அசையவில்லை என்றால் மெல்ல ஒரு தட்டு, அது போதும்.

இடது பக்கம் திரும்புவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பின்னால் ஹோர்ன் அடிக்கிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வந்த புதிதில் பலர் கோட்டுக்குப் பின்னாலேயே நின்று, எதிரில் கார் ஓய்ந்த பிறகு திரும்பலாம் என்று இருப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு எக்ளின்டன் ரோட்டில் அது ஓயாது. பச்சை விழுந்ததும் சந்திக்குள் கொஞ்சம் முன்னேறி நில்லுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பாமல் சில்லை நேராக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் யாராவது இடித்தால் திருப்பி வைத்த சில்லு உங்களை நேரே எதிர் லேனுக்குள் கொண்டுபோய்விடும். மஞ்சள் விழுந்து, எதிரே வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள் என்று கண்ணால் கண்ட பிறகு திரும்பி முடியுங்கள். நீங்கள் ஏற்கெனவே சந்திக்குள் இருப்பதால் அது குற்றமில்லை. பச்சை விட்டு விட்டு எரிந்தால் உங்கள் பக்கத்துக்கு மட்டும் வழி, எதிர்ப்பக்கம் சிவப்பு. இது ஒன்ராறியோவின் வழக்கம். வன்கூவர்ப் பக்கம் போனால் அதே விட்டு விட்டு எரியும் பச்சைக்கு வேறு கதை, அங்கே அது பாதசாரி பொத்தானை அமத்தி நிறுத்தும் சிக்னல்.

இனி 401 நெடுஞ்சாலை. முதலில் ஒன்று, மாமாவோடு அதில் ஏறாதீர்கள். ஜீ1 வைத்திருப்பவர் 400 வரிசை நெடுஞ்சாலைகளில் ஓடுவதென்றால் பக்கத்தில் அனுமதி பெற்ற ஓட்டுநர் பயிற்றுநர் இருக்க வேண்டும். மாமா எத்தனை வருடம் ஓடியிருந்தாலும் சரிவராது. விமான நிலையப் பக்கம் அந்த ரோடு பதினெட்டு லேன் வரை அகலும், ஏறி இறங்குகிறவர்களுக்குக் கரைப்பக்கம் கலெக்டர், தூரம் போகிறவர்களுக்கு நடுவில் எக்ஸ்பிரஸ் என்று பக்கம் பக்கமாக இரண்டாகப் பிரியும். முதல் நாள் பார்த்தால் நெஞ்சு அடிக்கத்தான் செய்யும். கலெக்டரிலேயே வலது பக்க லேன்களில் ஓடிப் பழகுங்கள்.

அங்கே ஏறுவதில்தான் மரியாதையும் பாதுகாப்பும் ஒன்றாக இருக்கின்றன. ஏறுபாதையில் போகும்போதே காலை அழுத்தி, உள்ளே ஓடுகிறவர்களின் வேகத்துக்கு வந்துவிட வேண்டும். பயத்தில் ஐம்பதில் போய் முனையில் பிரேக் பிடித்து நிற்பவர், பின்னால் வேகம் எடுத்து வருகிற எல்லோரையும் ஆபத்தில் தள்ளுகிறார். உள்ளே நீங்கள் ஓடும்போது யாராவது ஏறுவதைக் கண்டால், இடது லேன் காலியாக இருந்தால் அங்கே மாறிக்கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வேகத்தைச் சீராக வைத்திருங்கள். அவர் உங்களுக்கு முன்னால் போவதா பின்னால் போவதா என்று முடிவெடுக்க அதுவே போதும். லேன் மாறும்போது கண்ணாடி, சிக்னல், பிறகு தோளுக்கு மேலால் தலையைத் திருப்பி ஒரு பார்வை. அந்தத் தலை திரும்பாவிட்டால் பரீட்சையிலும் புள்ளி போகும். முன் காருக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி விடுங்கள். விட்டால் யாராவது அதற்குள் நுழைவார்கள்தான். நுழையட்டும், திரும்ப இரண்டு வினாடி விடுங்கள்.

வேலை நடக்கிற இடத்தில் ஒரு லேன் முடிகிறது என்று பலகை கண்டதும் நம்மவர்கள் அரைக் கிலோமீற்றருக்கு முன்னமே மாறி, நீண்ட வரிசையில் பக்தியோடு நிற்பார்கள். காலியான லேனில் கடைசி வரை போகிறவனைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். வாகனங்கள் நெருக்கி ஊர்கிற நேரத்தில் அவன் செய்வதுதான் சரி. இரண்டு லேனையும் முனை வரை பாவித்து, அங்கே சட்டைச் சிப் மாதிரி ஒன்று விட்டு ஒன்றாகக் கோர்த்துக்கொண்டால் வரிசை குறையும். அவனை விடமாட்டேன் என்று முன் பம்பரோடு ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வெளியேறும் இடத்தைத் தவறவிட்டால் அடுத்ததில் இறங்குங்கள். கரையில் நிற்பாட்டிப் பின்னுக்கு எடுக்கிறவர்களை நான் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன், எழுதும்போதே கை கூசுகிறது. கரையில் பொலிஸ், அம்புலன்ஸ், இழுவை வண்டி ஏதாவது விளக்கு எரிய நின்றால் வேகத்தைக் குறைத்து, முடிந்தால் ஒரு லேன் தள்ளிப் போக வேண்டும். இது சட்டம். பின்னால் சைரனோடு வந்தால் வலது பக்கம் ஒதுங்கி முழுதாக நிற்க வேண்டும். அம்புலன்சுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கெதியாகப் போகலாம் என்ற ஊர்ப் புத்தி இங்கே வேண்டாம்.

மஞ்சள் பாடசாலை பஸ்ஸில் எந்தச் சமாதானமும் எடுபடாது. சிவப்பு விளக்கு மினுங்கினால் பின்னால் வருகிறவரும் எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு உள்ள ரோடு என்றால் மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு. பின்னால் என்றால் 20 மீற்றர் தள்ளி நில்லுங்கள். முதல் தடவைக்கே 400 முதல் 2000 டொலர் வரை தண்டம், லைசென்சில் ஆறு குற்றப் புள்ளி. டவுன்ரவுனில் ஸ்ட்ரீட்கார் நின்று ஆட்கள் ஏறி இறங்கும்போதும், அவர்கள் நிற்கத் தனி மேடை இல்லாத இடத்தில், அதன் கடைசிக் கதவுக்கு இரண்டு மீற்றர் பின்னால் நிற்க வேண்டும். சைக்கிள்காரரைக் கடக்கும்போது ஒரு மீற்றர் இடைவெளி விடுங்கள். கைத்தொலைபேசியைக் கையால் தொடவே வேண்டாம். முழு லைசென்ஸ் உள்ளவருக்கு முதல் தடவை மூன்று நாள் இடைநிறுத்தம், உங்களைப் போல ஜீ1, அதற்கு அடுத்த படியான ஜீ2 வைத்திருப்பவருக்கோ முப்பது நாள்.

ரோட்டில் கோபப்படுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் லேனை விட்டுக்கொடுங்கள். விரலைக் காட்டினால் பார்க்காதது போல இருங்கள். தொடர்ந்து வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், சனம் உள்ள இடத்துக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ போங்கள். எப்போதாவது சின்னதாக இடித்துக்கொண்டால், "சொறி சொல்லாதே, இன்சூரன்ஸ் உன் தலையில் கட்டிவிடும்" என்று யாராவது உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். ஒன்ராறியோவில் 2009 முதல் மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. நட்டஈட்டு வழக்கில் நீங்கள் கேட்ட மன்னிப்பைக் குற்ற ஒப்புதலாக எடுக்க முடியாது. பொலிஸ் போடும் ரிக்கற் வழக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே இறங்கிப் போய், காயம் ஏதும் உண்டா என்று கேட்டு, சொறி சொல்லுங்கள். யார் பிழை என்ற விளக்கத்தை நடு ரோட்டில் தொடங்க வேண்டாம்.

பனிக்காலம் பற்றி அந்த நேரம் எழுதுகிறேன். இப்போதைக்கு, குளிர் ரயருக்குக் காசு சேர்த்து வையுங்கள். ஒன்ராறியோவில் அது கட்டாயமில்லை, ஆனால் போட்டால் இன்சூரன்சில் கழிவு உண்டு. வெப்பம் ஏழு பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயர் இறுகிவிடும்.

கடைசியாக, கொழும்பில் யாரையாவது பிடித்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் அனுமதிப்பத்திரத்தை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் எடுப்பியுங்கள். கடந்த மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய அனுபவத்தைக் காட்டினால், காத்திருக்காமல் நேரே முழு லைசென்சுக்கான ஜீ பரீட்சைக்கே போகலாம். இங்கே வந்து நாள் போகப் போக அந்தக் கணக்கு குறையும், அதனால் இந்தக் கிழமையே கேட்டு வையுங்கள். ஆனால் பரீட்சைக்கு முன் பயிற்றுநரோடு நாலைந்து பாடம் எடுங்கள், அதில் ஒன்று மாலை நேரத்து 401 ஆக இருக்கட்டும்.