நடிகவேள் எம். ஆர். ராதா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சார், ராதா நாடகத்தில் இருந்து சினிமாவுக்கு வந்தவர்தானே?

ஆமாம். 1907-ல் பிறந்தவர், சின்னப் பையனாக வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷமும் பையன்கள்தான் கட்டுவார்கள், மைக் கிடையாது, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் கேட்டாக வேண்டும். 1937-ல் 'ராஜசேகரன்' படத்தில் நடித்தார், இன்னும் சில படங்கள் செய்தார், அப்புறம் மறுபடி மேடைக்கே போய்விட்டார். சினிமாவில் அவரை நிலைநிறுத்தியது 1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்'. அதுவும் திருவாரூர் தங்கராசு எழுதி, ராதா ஊர் ஊராகப் போட்ட நாடகம்தான்.

அண்ணா, அந்தக் குரல் அவருக்கு இயல்பா, பழகியதா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பழகியது என்றுதான் சொல்வேன். ஒரே வசனத்தில் முதல் பாதி கீச்சென்று மேலே போகும், சட்டென்று அடித்தொண்டைக்கு இறங்கி கரகரவென்று முடியும். இரண்டு பேர் பேசுகிற மாதிரி இருக்கும். 'ரத்தக்கண்ணீர்' படத்தில் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மோகனசுந்தரம், கோட்டும் சூட்டுமாகத் தாயையே உதைக்கிற திமிர். பின்னால் குஷ்டரோகம் வந்து, பார்வையும் போய்த் தெருவுக்கு வருகிறான். அப்போது, தான் மயங்கிக் கிடந்த தாசியை 'காந்தா' என்று கூப்பிடுவதைக் கேளுங்கள், அந்த ஒரு பெயருக்குள் வலி, கேலி, கோபம் மூன்றும் இருக்கும். முகம் முழுக்க மேக்கப் அப்பியிருக்கிறது, அதனால் பாதி நடிப்பைக் குரலே செய்தாக வேண்டும், செய்திருக்கிறது. நான் எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்சிகளைக் கேட்டிருக்கிறேன்.

அவர் நாடகங்களுக்குத் தடை போட்டார்களாமே?

போட்டார்கள். பெரியாரின் கொள்கையை மேடையில் நேரடியாகப் பேசியவர், எதிர்ப்பு வராமல் இருக்குமா? ராமாயணத்தை விமர்சித்து அவர் போட்ட நாடகம் பெரிய கொந்தளிப்பைக் கிளப்பியது. 1954-ல் சென்னை அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்ததற்கு அது முக்கியக் காரணம்.

வில்லனா, காமெடியனா, எதில் சேர்ப்பது?

பிரிக்க முடியாது. 'பாகப்பிரிவினை' (1959) சிங்காரத்தைப் பாருங்கள், குடும்பத்தையே கெடுக்கிறவன், ஆனால் அவன் வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. 'பலே பாண்டியா'வில் (1962) அவருக்கு இரண்டு வேடம், சிவாஜிக்கு மூன்று. 'நீயே உனக்கு என்றும் நிகரானவன்' பாட்டில் சிவாஜிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜதி சொல்லும்போது அந்த முகம் படுகிற பாடு இருக்கிறதே!

எம்.ஜி.ஆரைச் சுட்டது பற்றி?

1967 ஜனவரி 12, எம்.ஜி.ஆரின் ராமாவரம் தோட்டத்து வீட்டில் நடந்தது. இருவருக்குமே குண்டுக்காயம், இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் அதோடு மாறிப்போனது. ராதாவுக்கு 7 ஆண்டுத் தண்டனை, உச்ச நீதிமன்றம் 5 ஆகக் குறைத்தது. வெளியே வந்தபின் மறுபடி நாடகம் போட்டார், சில படங்களிலும் நடித்தார். 1979-ல் திருச்சியில் காலமானார்.

புதிதாகப் பார்க்கிறவர் எதில் ஆரம்பிக்கலாம் ஐயா?

'பலே பாண்டியா'வில் ஆரம்பியுங்கள், அடுத்து 'ரத்தக்கண்ணீர்'. இதில் எதிரில் நிற்பவரிடம் பேச ஆரம்பித்து, பாதியில் நம்மைப் பார்த்துப் பேசுகிற மாதிரி திரும்பிவிடுவார். கேமரா இருக்கிற இடத்தில் அவருக்கு நாடகக் கொட்டகைக் கூட்டம்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.