பேசாமல் ஒதுங்கும் கணவர்: நான் மட்டும் கவுன்சலிங் போகலாமா?

கேள்வி: திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். சண்டை வந்தால் நான் பதில் கிடைக்கும்வரை விடமாட்டேன். அவர் வாயே திறக்காமல் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். கவுன்சலிங் என்றாலே, “எனக்கென்ன பைத்தியமா?” என்கிறார். நான் மட்டும் போனால் பயன் உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: உண்டு. ஆனால் அவரைத் திருத்தும் வழி கேட்டுப் போகாதீர்கள்.

அவர் பேசாததால் நீங்கள் துரத்துகிறீர்கள். நீங்கள் துரத்துவதால் அவர் ஒதுங்குகிறார். முதலில் ஆரம்பித்தது யார் என்று தேடினால் விடிந்துவிடும். உறவை மையமாக வைத்து வேலை செய்யும் ஆலோசகர் இந்தச் சுழலைத்தான் நோயாகப் பார்ப்பார். உங்களில் ஒருவரையும் நோயாளியாக்க மாட்டார். 1980களில் கனடாவில் உளவியலாளர்கள் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் தம்பதிகளுக்காக உருவாக்கிய, உணர்வுகளை மையமாகக் கொண்ட சிகிச்சைமுறையின் (Emotionally Focused Therapy) அடிப்படையும் இதுவே.

தம்பதியாக வருபவர்களிடம் நாங்கள் செய்வது பெரும்பாலும் நிறுத்துவதுதான். மனைவியின் குரல் உயர்கிறது, கணவரின் பார்வை தரைக்குப் போகிறது. அங்கேயே நிறுத்தி அவரிடம், “இப்போது உள்ளே என்ன நடந்தது?” என்று கேட்போம். வெகுநேரம் கழித்து, “எது சொன்னாலும் தப்பாகிவிடும் என்று தோன்றியது” என்பார். “என்னிடம் வேண்டாம், அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்போம். திமிர் என்று இத்தனை நாள் நினைத்தது பயம் என்று மனைவிக்குத் தெரியும் இடம் அது. நூறு அறிவுரை சொன்னாலும் இது நடக்காது. அறிவுரைதான் வேண்டுமென்றால் சொந்தக்காரர்கள் இலவசமாகவே தருவார்களே!

தனியாகப் போனாலும் சுழலில் உங்கள் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அவர் எழுந்து போகும் அந்த நொடியில் உங்களுக்குள் எழுவது கோபம் மட்டும்தானா, கைவிடப்பட்ட உணர்வா என்று பார்ப்பீர்கள். ஆலோசகரிடமும் உங்கள் பழக்கம் தலைகாட்டும். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் அங்கேயும் பதற்றம் வரும். நல்ல ஆலோசகர் அதைக் கையில் எடுத்துப் பேசுவார். புதிய விதமாகப் பழகிப் பார்க்க அந்த உறவே இடம் தரும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜான் காட்மன், சண்டையின்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்கிறார். அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும். ஆகவே மொட்டைமாடி தப்பில்லை. சொல்லாமல் போவதுதான் தப்பு. “அரை மணி நேரத்தில் வந்து பேசுகிறேன்” என்று அவர் சொல்ல வேண்டும், சொன்னபடி வரவும் வேண்டும். நீங்கள் அதுவரை மாடிப்படி ஏறக்கூடாது. சண்டை இல்லாத ஒரு நாளில் இதைப் பேசி முடிவு செய்யுங்கள்.

அடி, மிரட்டல் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இருவரையும் சேர்த்து உட்காரவைப்பதே ஆபத்து. அறையில் சொன்னதற்கு வீட்டில் அடி விழும். 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

கணவரை, “சிகிச்சைக்கு வாருங்கள்” என்று கூப்பிடாதீர்கள். “என் பக்கத்தை மட்டும் கேட்டால் போதாது, உங்கள் பக்கத்தையும் ஒருமுறை வந்து சொல்லுங்கள்” என்றால் பலர் வருகிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் உங்களை மட்டும் பார்த்த ஆலோசகரை, உங்கள் ஆள் என்றே கணவர் நினைப்பார். பின்னால் கணவர் வந்தால் இருவரையும் தாமே பார்ப்பாரா, வேறொருவரிடம் அனுப்புவாரா என்று முதல் நாளே ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.