பிரபஞ்சமும் உயிரும் தோன்றியதை அறிவியலால் விளக்க முடியுமா?

முதல் கேள்விக்குப் பெருமளவு முடியும். இரண்டாவதற்குத் துண்டு துண்டாகத்தான். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் கேட்பதால்தான் விவாதம் எங்கெங்கோ போகிறது.

சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் அடர்த்தியாக, கொதிப்பாக இருந்து விரியத் தொடங்கியது, அதாவது பெருவெடிப்பு, என்பது வெறும் ஊகம் இல்லை. அந்தச் சூட்டின் மிச்சமான மெல்லிய வானொலி அலையை 1964-ல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஆண்டெனாவில் பிடித்தார்கள். என்ன செய்தும் போகாத இரைச்சல் என்று முதலில் ஆண்டெனாவில் இருந்த புறா எச்சத்தைக்கூடக் கழுவிப் பார்த்தார்களாம்!

"சரி, அதுக்கு முன்னாடி என்னடா இருந்துச்சு?" என்று அல்சூரில் இருக்கும் என் மாமா மடக்குவார். சோதித்துப் பார்த்த பதில் அதற்கு யாரிடமும் இல்லை. கணக்குகள் உண்டு, சான்று இல்லை.

நான் அறிவியலை நம்புவதற்குக் காரணம் வேறு. 2018-ல் ஆஸ்திரேலியாவில் வைத்த கருவி ஒன்று, முதல் நட்சத்திரங்கள் ஒளிவிட்ட காலத்து ஹைட்ரஜனின் தடயத்தைக் கண்டதாக அறிவித்தார்கள். வானொலி அலையின் அளவில் ஒரு பள்ளமாகத் தெரியும் அந்தச் சிக்னல் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு ஆழம், உலகமே பேசியது. அதே சிக்னலைத் தேட நம்ம பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தார் சாரஸ் என்ற ஆண்டெனாவை மிதவையில் ஏற்றி, 2020-ல் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் விட்டார்கள். தரையில் வைத்தால் அடியில் இருக்கும் மண்ணும் பாறையும் அளவைக் குழப்பும். தண்ணீர் ஒரே சீராக இருக்கும். அந்தச் சிக்னலின் அலைவரிசை எஃப்எம் வானொலிக்குப் பக்கத்திலேயே வருவதால் நகரத்துக்குள் வைத்து அளப்பதும் நடக்காது. 2022-ல் முடிவு வந்தது: அந்தச் சிக்னல் தெரியவில்லை. பெரிய இடத்துக் கண்டுபிடிப்பு என்று யாரும் தயங்கவில்லை.

உயிருக்கு வருவோம். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி கலந்து மின்பொறி விட்டதில் புரதத்தின் அடிப்படைக் கற்களான அமினோ அமிலங்கள் உருவானதை அமெரிக்க வேதியியலாளர் மில்லர் 1953-ல் வெளியிட்டார். பென்னு சிறுகோளிலிருந்து 2023-ல் கொண்டுவந்த மண்ணில், நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 கிடைத்தன. உயிரின் மரபுச் செய்தியைச் சுமக்கும் டிஎன்ஏ, ஆர்என்ஏ மூலக்கூறுகளில் எழுத்துகள் போல இருக்கும் ஐந்து காரங்களும் (bases) இருந்தன. ஆக, சரக்குக்குப் பஞ்சமில்லை. அது ஒரு சவ்வுக்குள் சேர்ந்து, தன்னைத் தானே நகலெடுக்கத் தொடங்கியது எப்படி? உயிரற்ற சரக்கில் தொடங்கி அந்தக் கட்டம் வரைக்கும் முழுசாக யாரும் ஆய்வகத்தில் செய்துகாட்டவில்லை. என் மாமா மடக்க வேண்டிய இடம் இதுதான். அவர் என்னவோ பெருவெடிப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.