வெறும் மணல், வெறும் புல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

'டியூன்' படத்தின் இரண்டாம் பாகத்தைக் கோவையில் பெரிய திரையில் பார்த்துவிட்டு வந்தேன். ராட்சத மணல்புழு மேல் ஏறும் காட்சியைத் தவிர வேறெதுவும் மனசில் ஒட்டவில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் வெறும் மணல். நாயகன் பால் நல்லவனா கெட்டவனா என்று தெளிவாகச் சொல்லவில்லை. அவன் காதலி சானி கோபித்துக்கொண்டு போவதோடு அரைகுறையாக முடித்துவிட்டார்கள். பாலைவனத்தைப் பச்சையாக்கும் கனவைப் பற்றிப் பேசுகிறார்களே, அந்தப் பச்சையை ஒரு காட்சியிலாவது காட்டியிருந்தால் நிறைவாக இருந்திருக்கும். தமிழில் இப்படி ஒரு படம் எப்போது வரும்?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

தமிழில் எப்போது வரும் என்ற கேள்வியை விடுங்கள், வரும்போது வரட்டும். பால் விஷயத்திலும் எனக்குக் குழப்பம் இல்லை. தன் பெயரால் கோடிக்கணக்கானோர் சாவார்கள் என்று தெரிந்தேதான் அவன் அந்த இடத்துக்குப் போகிறான், அதற்கு மேல் என்ன தெளிவு வேண்டும்? ஆனால் உங்கள் கடிதத்தில் 'வெறும் மணல்' என்று இரண்டு வார்த்தை இருக்கிறது. கோத்தகிரியில் இருக்கும் ஒரு பிள்ளை அப்படி எழுதியதைப் படித்ததும் சங்கடமாகிவிட்டது. சில வாரங்களாக நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

படத்தில் ஒரு குட்டிப் புழுவைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கிக் கொல்வார்களே, கவனித்தீர்களா? அதிலிருந்து எடுத்த நீல நஞ்சைத்தான் பாலின் அம்மா ஜெசிகாவும் பாலும் குடிக்கிறார்கள். அந்தப் புழுவுக்குத் தண்ணீர்தான் எமன் என்பதை அங்கேயே கண்ணெதிரே காட்டிவிடுகிறார்கள். அந்தப் பாலைவனக் கிரகம் பச்சையானால் புழு இல்லை, புழு போனால் எல்லோரும் அடித்துக்கொள்ளும் ஸ்பைஸ் என்ற பொருளும் இல்லை, உங்கள் மனசில் ஒட்டிய அந்த ஒரே சவாரியும் இல்லை. இவ்வளவையும் பார்த்துவிட்டுப் பச்சையைக் காட்டவில்லையே என்று கேட்டால் எப்படி?

இந்தக் கதை பிறந்ததே மணலைப் பச்சையாக்கப் பார்த்த ஓர் இடத்தில்தான். 'டியூன்' நாவலை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட் 1957ல் அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் ஃபிளாரன்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே நகரும் மணல்மேடுகள் சாலைகளை மூடிக்கொண்டிருந்தன, புல்லை நட்டு மணலைக் கட்டிப்போடும் வேலையை அந்நாட்டு வேளாண் துறை செய்துகொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் போனார். கட்டுரை அச்சாகவில்லை, 1965ல் நாவல் வந்தது. வறண்ட நிலச் சூழலியலாளர்களுக்குத்தான் அந்த நாவலைச் சமர்ப்பித்திருக்கிறார். இன்றைக்கு அதே கடற்கரையில், மணல்மேடுகள் அழிகின்றனவே என்று, அன்று நட்ட ஐரோப்பியப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே மணலில் புல்லை நட்டார்கள். நம் நீலகிரி மலையில் புல்லில் மரத்தை நட்டார்கள். குந்தா, அவலாஞ்சி, மேல் பவானி என்று எங்கே பார்த்தாலும் மடிப்பில் சோலைக்காடும் மேட்டில் புல்லுமாகக் கிடந்த மலை இது. இங்கே சதுப்பில் படிந்த கரிமண்ணை ஆராய்ந்தவர்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்ததற்குச் சான்று எடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது தரிசு, மரமில்லாத நிலமெல்லாம் அவன் கணக்கில் வீண் நிலம். விறகுக்கென்று கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) வந்தன. அவன் போன பிறகு நாமும் நிறுத்தவில்லை, ரேயான் கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் மேடு மேடாக நட்டோம். தோடர்களின் எருமைகள் மேய்ந்தது அந்தப் புல்லில்தான். அவர்கள் கோயிலுக்குக் கூரை வேயும் சதுப்புப் புல்லைத் தேடி இப்போது வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் நாசம் என்று யாரும் சொல்லவில்லை, பச்சைதானே என்றார்கள்.

நட்டவர்களில் நானும் ஒருவன். ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஜூலை மாதம் வன மகோத்சவம் என்று எங்களை எமரால்டுக்கு மேலே ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். தூறல், முழங்கால் வரை ஈரம், ஆளுக்கு மூன்று சீகைக் கன்று கறுப்பு பாலித்தீன் பையில். குழி தோண்ட ஒரு புல் கற்றையைப் பிடித்து இழுத்தேன், அடியில் ஒரு கூடு. உள்ளங்கை அளவுக் கிண்ணம், மெல்லிய புல்லாலேயே வளைத்து வளைத்துப் பின்னியது, உள்ளே பழுப்புப் புள்ளி போட்ட இரண்டு முட்டை. தொட்டேன், சூடாக இருந்தது. வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓரமா தள்ளிட்டுத் தோண்டுடா, நேரமாகுது" என்றார். தள்ளி வைத்தேன். கன்றை நட்டு, மண்ணைக் காலால் மிதித்து, வரிசையில் நின்று பன்னும் டீயும் வாங்கிக்கொண்டேன். அது நீலகிரி நெட்டைக்காலியின் கூடு என்பது இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், இப்படி உயரமான புல்வெளிகளில் மட்டும் வாழ்கிற குருவி. இன்றைக்கு அந்த மேட்டில் நான் வைத்த கன்று எது என்று கண்டுபிடிக்கவே முடியாது, அவ்வளவு அடர்த்தி. அடியில் ஒரு புல் கிடையாது.

தண்ணீர்க் கணக்கும் சொல்கிறேன், கேளுங்கள். ஊட்டி பக்கம் கிளென்மார்கனில் அடுத்தடுத்து இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் கற்பூர மரம் வைத்து வருஷக்கணக்காக அளந்தார்கள். முதல் பத்து ஆண்டிலேயே மரம் வைத்த பக்கம் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. பவானி ஆறு இங்கிருந்துதானே போகிறது? பழனி மலையிலும் இதே கதைதான். நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018ல் ஓர் ஆய்வு வந்தது.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், உங்கள் வயதில் நானும் பச்சை என்றால் நல்லது என்றுதான் நம்பினேன். படத்தின் முடிவை அரைகுறை என்கிறீர்கள். இன்னொரு தடவை பாருங்கள். எல்லோரும் பால் முன்னால் மண்டியிடும்போது சானி மட்டும் நிற்கிறாள், பிறகு வெளியே நடந்து மணலுக்குப் போகிறாள். புழு வருவதற்காகக் காத்திருக்கும் அவள் முகத்தோடு படம் முடிகிறது. நீங்கள் வெறும் மணல் என்றது அவள் வீடு.

அப்புறம், ஒரு நண்பர் எமரால்டு பக்கம் தன் நிலத்தில் சீகையை வெட்டிவிட்டுப் புல்லைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெட்டிய இடமெல்லாம் கீரைப்பாத்தி மாதிரி முளைத்து நிற்கிறது. மழையில் மண் இளகியிருக்கும்போது பிடுங்கினால்தான் வேரோடு வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஊட்டிக்கு வந்துவிடுங்கள், சேர்ந்தே போகலாம். மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள், நிச்சயம் நனைவீர்கள்.